சுவரில் மாட்டிய சில்லுக்கு என்ன விலை?

கடந்த ஆண்டு கோடைகாலத்தில் லண்டன் சென்றிருந்தபோது, ஹரோவில் வசிக்கும் என் பழைய நண்பர் ஒருவரின் மகன் வீட்டில் இரண்டு நாட்கள் தங்கினேன். நண்பரும் நானும் ஒரே பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில், ஒரே மேசையின் இரு புறங்களிலும் அமர்ந்து பல ஆண்டுகள் பணியாற்றியவர்கள். நண்பர் இன்று இல்லை. அவருடைய மகன் கணினிப் பொறியியலாளராக இருக்கிறார். சிறுவயது முதல் என்னை மாமா என்றுதான் அழைத்து வருகிறார்.

அவர்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் நண்பரின் படம் மாலையுடன் தொங்கியது. அதற்குச் சற்றுத் தள்ளி, கறுப்புச் சட்டமிட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கறுப்பு அட்டையின் நடுவில் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் நீளமான ஒரு பொருள் பொருத்தப்பட்டிருந்தது. வெண்ணிறப் பீங்கான் உடல். அதன் நடுவே சதுரமான பொன்னிற மூடி. இரு பக்கங்களிலும் சரவட்டையின் கால்களைப் போல வரிசைக்கு 32 ஆக மொத்தம் 64 கால்கள். கீழே சிறிய தகடு ஒன்றில் ‘மொட்டோரோலா 68000 – 1979’ என்று பொறித்திருந்தது.

நான் அதை உற்றுப் பார்ப்பதைக் கண்ட மருமகள், தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு முறைப்பாட்டைத் தொடங்கினார்.

“மாமா, உதுக்கு நூற்றெண்பது பவுண் குடுத்திருக்கிறார். உள்ளுக்கு இருக்கிறது வேலை செய்யாத ஒரு கொம்பியூட்டர் சாமான். நீங்களே சொல்லுங்கோ, இது நியாயமோ?”

“அது ஒரு கலைப்பொருள். இவவுக்கு அது விளங்காது மாமா” என்றார் அவர்.

“அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஓவியம் வாங்கியிருக்கலாம்” என்றார் இவர்.

இருவரும் தீர்ப்புக்காக என் முகத்தைப் பார்த்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு நழுவத் தெரியாதா? “ஊருக்குப் போய் ஆறுதலாக எழுதுகிறேன்” என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். அந்த வாக்குறுதியை நிறைவேற்றவே இந்தக் கட்டுரை. எழுதத் தொடங்கிய பின்னர்தான், கேள்வி அவர்களுடையது மாத்திரமன்று, என்னுடையதும்தான் என்பது புரிந்தது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கணினித் தமிழில் இப்பொருளைச் ‘சில்லு’ என்கிறார்கள். உடைந்த ஓட்டுத் துண்டையும் சில்லு என்போமல்லவா, அந்தப் பொருளில் வந்த பெயர். ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்தில் சில்லு என்றால் சக்கரம். வண்டிச் சில்லு, சைக்கிள் சில்லு என்றே பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். எனவே கணினிச் சில்லு என்று முதன்முதலில் வாசித்தபோது என் மனதில் உருண்டது ஒரு சக்கரம்தான். பிழையான கற்பனையாயினும் பொருத்தமில்லாத கற்பனை என்று சொல்லமாட்டேன். அந்தச் சில்லு உருண்டு சென்ற பாதையில் எங்கள் அச்சுக்கூடமும் இருந்தது.

68000 என்ற இலக்கத்துக்கும் பத்திரிகைத் தொழிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1984இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதலாவது மக்கின்ரோஷ் கணினியின் மூளை இந்தச் சில்லுதான். அடுத்த ஆண்டு, 1985இல், அதே நிறுவனம் லேசர்ரைட்டர் என்னும் அச்சுப்பொறியை வெளியிட்டது. அதற்குள்ளும் இதே 68000 சில்லு இருந்தது. கணினியில் இருந்ததைவிட வேகமாகவும் ஓடியது. அதே ஆண்டில் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளும் வந்து சேர்ந்தது. இம்மூன்றும் ஒரு மேசையில் ஒன்றுசேர்ந்தபோது, அச்சுக்கூடம் முழுவதும் செய்த வேலையை ஓர் ஆள் தனியாகச் செய்ய முடிந்தது. ஈயமும் மையும் மணந்த ஒரு தொழில் அந்த மேசையில் முடிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் அலுவலகத்துக்கும் அந்தக் கணினி வந்தது. அதற்கென்று தனி அறை, குளிரூட்டி, தரையில் விரிப்பு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆசிரியருடைய அறைக்குள்ளேயே செருப்போடு போனவர்கள், கணினியின் அறைக்கு வெறுங்காலுடன் கோயிலுக்குப் போவதுபோலப் போனோம். அப்போது அந்தப் பெட்டிக்குள் இருந்த சில்லு எப்படி இருக்கும் என்று எங்களில் எவரும் பார்த்ததில்லை. இப்போது விசாரித்து அறிந்த வகையில், அந்நாளைய மக்கின்ரோஷ் கணினிகளுக்குள் இருந்த 68000 பெரும்பாலும் கறுப்புப் பிளாஸ்ரிக் உடல் கொண்டது. பார்வைக்கு எந்தக் கவர்ச்சியும் இல்லாதது. பீங்கானும் பொன்மூடியும் கொண்டவை அதே சில்லின் விலையுயர்ந்த உறைகள். சட்டமிட்டு விற்பவர்கள் தேடி எடுப்பது இவற்றைத்தான். உழைத்துக் களைத்த கறுப்புச் சில்லை எவரும் சுவரில் மாட்டுவதில்லை.

இங்கேதான் என் முதலாவது சந்தேகம் பிறந்தது. நாம் பார்த்து மகிழ்வது சில்லையா, அதன் உறையையா?

சில்லு என்று சரியாகச் சொல்லவேண்டியது அந்தப் பொன்மூடிக்குக் கீழே, விரல் நகத்தளவில் கிடக்கும் சிலிக்கன் துண்டு ஒன்றை மாத்திரமே. மணலிலிருந்து பிரித்தெடுத்த சிலிக்கனைப் பளிங்காக வளர்த்து, மெல்லிய வட்டத் தகடுகளாக அறுத்து, நிழற்படம் பதிப்பதைப் போன்ற முறையில் அடுக்கடுக்காக மின்சுற்றுக்களை அதன்மேல் பதிக்கிறார்கள். பின்னர் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மயிரிழை போன்ற கம்பிகளால் வெளிக்கால்களுடன் இணைத்து மூடிவிடுகிறார்கள். அழகு இருப்பது அந்த மூடிக்குள்ளே. உருப்பெருக்கியில் பார்த்தால், வானத்திலிருந்து பார்க்கும் நகரம் ஒன்றைப் போல வீதிகளும் மதில்களும் சதுக்கங்களும் தெரியும். மயிலிறகின் நிறம் சாயத்தால் வருவதன்று, அதன் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் வருவது. சிலிக்கன் தகடு வானவில்லாக மின்னுவதும் அதே வகையில்தான்.

நண்பரின் மகன் வாங்கிய சட்டத்தில் இவை எதுவும் தெரியாது. மூடிய வீட்டை வெளியே நின்று பார்ப்பதைப் போன்றதுதான் அது. புறவூதாக் கதிரால் அழித்து எழுதக்கூடிய சில பழைய நினைவகச் சில்லுகளுக்கு மேலே சிறிய படிகக் கண்ணாடிச் சாளரம் உண்டு. அவற்றில் உள்ளிருக்கும் சிலிக்கனைக் கண்ணாலேயே காணலாம். சந்தையில் அவை பொன்மூடிச் சில்லுகளைவிட மலிவாகவே கிடைக்கின்றன. உள்ளேயிருக்கும் கலையைக் காட்டும் சில்லு மலிவு; அதை மறைக்கும் பொன்மூடிக்கு விலை அதிகம். இதை என்னவென்று சொல்வது?

ஆனால் சில்லில் கலையே இல்லை என்று மருமகள் பக்கம் முழுவதாகச் சாய்ந்துவிடவும் முடியவில்லை. அன்றைய சில்லுகள் உண்மையிலேயே கையால் வரையப்பட்டவை. 1971 நவம்பரில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லு, ஒரே துண்டில் அமைந்த நுண்செயலியாக விற்பனைக்கு வந்த முதலாவது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. பிசிகொம் என்ற ஜப்பானியக் கணிப்பான் நிறுவனத்துக்காக அது உருவாக்கப்பட்டது. அதிலிருந்தவை 2,300 ட்ரான்சிஸ்டர்கள். அதன் வரைபடத்தைப் பல நூறு மடங்கு பெரிதாக வரைந்து, சிவப்பு நிறப் படலம் ஒன்றைக் கத்தியால் கோடு கோடாக வெட்டி உரித்து, பின்னர் நிழற்பட முறையில் சுருக்கினார்கள். ஒரு கோடு பிசகினால் சில்லு வேலை செய்யாது. அதன் வடிவமைப்பை முன்னின்று நடத்திய இத்தாலியரான பெடரிக்கோ பாஜின், சில்லின் ஓரத்தில் தமது பெயரின் முதலெழுத்துக்களான எஃப். எஃப். என்பதைப் பொறித்து வைத்தார். ஓவியர்கள் தங்கள் ஓவியத்தின் மூலையில் கையொப்பமிடுவதில்லையா? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இட்ட கையொப்பம் இது.

இந்த அழகை அருங்காட்சியகங்களும் கண்டுகொள்ளாமல் விடவில்லை. நியூயோர்க்கிலுள்ள நவீன கலை அருங்காட்சியகம் 1990இல் நுண்சில்லுகளின் வரைபடங்களுக்கென்றே ஒரு கண்காட்சியை நடத்தியது. காரா மக்கார்ட்டி என்பவர் அதனை ஒழுங்கமைத்தார். அங்கே சுவரில் தொங்கியவை உறையிலிட்ட சில்லுகள் அல்ல. பொறியியலாளர்கள் அடுக்குக்கு ஒரு நிறமிட்டு வரைந்த பெரிய வரைபடங்கள். வடிவமைப்புத் தெரியும்படி காட்டினால்தான் அது கலையாகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இனி விலையைப் பார்ப்போம். வெண்பீங்கானும் பொன்னும் சேர்ந்த ஆரம்பகால 4004 சில்லுக்குச் சேகரிப்பாளர்கள் நூற்றுக்கணக்கான டொலர்களை, சில வேளைகளில் ஆயிரத்துக்கும் மேல் கொடுக்கிறார்கள். வெளிவந்த காலத்தில் அதன் விலை 60 டொலர். 386, 486 போன்ற பிற்காலச் சில்லுகள் கோடிக்கணக்கில் உற்பத்தியானவை. பழைய இரும்புக் கடை விலைக்குக் கிடைப்பவை. அவற்றையும் சட்டத்தில் வைத்துப் பெருந்தொகைக்கு விற்கிறார்கள். அங்கே பணம் போவது சட்டத்துக்கும், கண்ணாடிக்கும், அழகாக அச்சிட்ட தகட்டுக்கும்தான். சில்லுக்குத் தன் எடையளவிலும் ஒரு விலை உண்டு. 1995இல் வந்த பென்ரியம் புறோ போன்ற பீங்கான் சில்லுகளில் தங்கம் சற்று அதிகம். அதனால் அவற்றை உருக்கித் தங்கம் எடுப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சட்டமிடுபவரின் கையில் அகப்படாதவை உருக்குபவரின் அமிலத் தொட்டிக்குப் போகின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவேனும் சட்டமிடுபவர்களுக்கு நன்றி சொல்லலாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டொரு எச்சரிக்கைகள். பழைய எழுத்தைச் சுரண்டி, புதிய இலக்கத்தை அச்சிட்டு ஏமாற்றுவது சில்லு வியாபாரத்தில் நீண்டகாலமாக உள்ள வழக்கம். சில்லைப் பசையால் ஒட்டியிருந்தாலோ, கால்களை வெட்டியிருந்தாலோ சேகரிப்பாளர் சந்தையில் அதன் மதிப்புப் போய்விடும். எனவே முதலீடு என்று எண்ணி இவற்றை வாங்குவது புத்திசாலித்தனமன்று. 2014இல் அப்பிள் நிறுவனத்தின் முதலாவது கணினிப் பலகைகளில் ஒன்று நியூயோர்க்கில் ஏலம் போனபோது, ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகம் 905,000 டொலருக்கு அதனை வாங்கியது உண்மை. ஆனால் அவர்கள் வாங்கியது வரலாற்றை. சட்டத்திலுள்ள அழகை அல்ல.

கலைக்கும் பயனுக்குமுள்ள உறவைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆனந்த குமாரசுவாமி அவர்களே ஞாபகத்துக்கு வருவார். 1877இல் கொழும்பில் பிறந்து, 1917 முதல் 1947இல் மறையும்வரை அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அந்தப் பேரறிஞர், அருங்காட்சியகத்துக்குள் இருந்துகொண்டே அருங்காட்சியகத்தைக் கேள்வி கேட்டவர். கலைப்பொருட்களை ஏன் காட்சிக்கு வைக்கவேண்டும் என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதினார். அவர் வாதத்தை என் சொற்களில் சுருக்குவதானால் இப்படிச் சொல்வேன்: கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் வைத்திருப்பவற்றில் அநேகமானவை பெட்டிக்குள் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, குடிக்க, உடுக்க, வழிபடச் செய்யப்பட்டவை. நன்றாகச் செய்யப்பட்ட எந்தப் பொருளும் கலைதான். அதைச் செய்தவனை மறந்துவிட்டுப் பொருளை மாத்திரம் ரசிப்பது அரைகுறை ரசனை.

அவர் இதை ஏட்டில் மாத்திரம் எழுதிவிட்டு இருந்தவரல்லர். ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் தமது பெருநூலை 1908இல் வெளியிட்டபோது, இங்கிலாந்திலே வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில் அச்சிடுவித்தார். மொத்தம் 425 பிரதிகள். கம்மாளரையும் நெசவாளரையும் பற்றிய நூல் கையால் செய்யும் தொழிலாளரின் உழைப்பிலேயே உருவாகவேண்டும் என்ற பிடிவாதம் அது. அவருடைய அளவுகோலை எடுத்துக்கொண்டால், 68000 ஒரு கலைப்பொருள்தான். ஆனால் அது கலையாக இருந்தது கணினிக்குள் ஓடிக்கொண்டிருந்த நாளில். சுவரில் தொங்கும்போது அது ஒரு கலையின் ஞாபகச்சின்னம்.

செய்தவர்களை மறப்பது பற்றி இன்னொரு செய்தி. 1965இல் பெயார்சைல்ட் என்னும் சில்லு நிறுவனம் அமெரிக்காவின் நியூமெக்சிக்கோ மாநிலத்திலுள்ள ஷிப்ரொக் என்ற ஊரில், நவாஹோ ஆதிக்குடிகளின் நிலத்தில், ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது. அங்கே உச்சகட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நவாஹோப் பெண்கள். கம்பளம் நெய்வதில் பேர்போன சமூகம் அது. நெய்த கைகள் நுண்கம்பிகளையும் இணைத்தன. நிறுவனம் தன் விளம்பர ஏட்டில் கம்பளத்தின் கோலத்தையும் சில்லின் கோலத்தையும் இணைத்துக் காட்டிப் பெருமைப்பட்டது. 1975இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே உழைத்த பெண்களின் பெயர் எந்தச் சில்லிலும் இல்லை.

பின்னர் 1994இல் இன்ரெல் நிறுவனம் மரிலூ ஷுல்ட்ஸ் என்ற நவாஹோ நெசவாளரிடம் பென்ரியம் சில்லின் நிழற்படத்தைக் கொடுத்து ஒரு கம்பளம் நெய்வித்தது. அந்தக் கம்பளம் 2017இல் ஜேர்மனியின் கசெல் நகரில் நடந்த டொக்குமென்ரா கண்காட்சியில் இடம்பெற்றது. 2024இல் வாஷிங்டனிலுள்ள தேசிய கலைக்கூடத்திலும் வைக்கப்பட்டது. சில்லைக் கலையாக்கிய முயற்சிகளில் என் மனதுக்கு மிகவும் உகந்தது அதுவே. அதிலே சில்லும் தெரிகிறது, செய்தவரின் கையும் தெரிகிறது, பெயரும் இருக்கிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்திருக்கலாம். ஆனால் செய்தவர்களை மறந்தவர்களின் பட்டியலில் என் பெயரையும் சேர்க்காமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது.

எங்கள் அச்சுக்கூடத்தில் மூத்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அண்ணை என்று அழைப்போம். தமிழ் ஈய எழுத்துக்கள் நூற்றுக்கணக்கான அறைகளில் கிடக்கும். அண்ணை பார்வையைக் கையெழுத்துப் பிரதியில் வைத்துக்கொண்டே, கையால் எழுத்தைத் தேடாமல் எடுத்து அடுக்குவார். தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்கும் வரிகளை நாங்கள் நாளிதழ் வாசிப்பதைவிட வேகமாக வாசிப்பார். இளம் நிருபனாக நான் எழுதிய எத்தனையோ சந்திப்பிழைகள் அவருடைய விரல் நுனியில் திருந்தியிருக்கின்றன. எனக்குத் தமிழ் இலக்கணம் கற்பித்த ஆசிரியர்களில் அவரும் ஒருவர். அவர் படித்தது ஐந்தாம் வகுப்புவரைதான்.

கணினி வந்ததையொட்டிப் பத்திரிகை ஒரு சிறப்பு மலர் வெளியிட்டது. அதன் முகப்புக் கட்டுரையை எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. கணினி யுகத்தில் காலடி வைக்கிறோம் என்று முழங்கினேன். வேகத்தைப் புகழ்ந்தேன், எழுத்தின் தெளிவைப் புகழ்ந்தேன், நிர்வாகத்தின் தொலைநோக்கைப் புகழ்ந்தேன். கணினியில் முழுப் பக்கம் அமைக்கும் பயிற்சி இன்னும் முடியாதிருந்ததால், அந்த மலர் ஈய எழுத்திலேயே கோக்கப்பட்டது. என் கட்டுரையைக் கோத்தவர் அண்ணை.

இரவு பத்து மணியளவில் ஒப்புநோக்கும் பிரதியுடன் என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, எல்லாம் நல்லாய் எழுதியிருக்கிறியள். எங்களைப் பற்றித்தான் ஒரு வரியும் இல்லை.”

“இடம் காணாது அண்ணை” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் நின்றார்; பிரதியை எடுத்துக்கொண்டு போனார். பத்திரிகையில் இடம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பக்கத்தைக் கட்டுகின்ற அவரைவிட அறிந்தவர் எவர்? மறுநாள் மலர் வெளிவந்தபோது பார்த்தேன். என் கட்டுரைக்குக் கீழே இரண்டு அங்குல இடம் மிஞ்சியிருந்தது. அதனை அவர் அச்சுப் பூக்களை வரிசையாக வைத்து நிரப்பியிருந்தார்.

அச்சுக்கோப்பாளர்களில் சிலரைக் கணினித் தட்டச்சுக்குப் பழக்கினார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணையால் அது முடியவில்லை. சில மாதங்களில் சிறுதொகையுடன் விலகிச் சென்றார். ஈய எழுத்துக்களை நிறுத்துக் கிலோக் கணக்கில் விற்றார்கள். அவர் போன நாளில், எழுத்தை அடுக்குவதற்காக இடக்கையில் பிடிக்கும் ஸ்டிக் என்னும் சிறு உலோகத் தட்டை என்னிடம் தந்தார். “உங்களிட்டை இருக்கட்டும் தம்பி” என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகளாகிவிட்டன.

சட்டத்துக்குள் பளபளத்த 68000 என்ற இலக்கத்தைக் கண்டதும் என் கண்முன் வந்தது அந்த இரண்டு அங்குலப் பூவரிசைதான். அந்தச் சில்லு அழகில்லை என்று நான் சொல்வது பொய்யாகும். அது அழகு மாத்திரமே என்று சொல்வதும் பொய்யாகும்.

இரண்டாம் நாள் இரவு, மருமகள் உறங்கச் சென்றபின், நண்பரின் மகன் என்னருகே வந்து அமர்ந்தார். அந்தச் சட்டத்தைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்: “மாமா, அப்பா என்னை ஒருநாள் ஒஃபிசுக்குக் கூட்டிக்கொண்டு போனவர், ஞாபகம் இருக்கோ? அந்த ஏசி அறைக்குள்ளை என்னைத் தூக்கிக் கதிரையிலை இருத்தி, என்ரை பேரை அடிக்கச் சொன்னவர். அதுதான் நான் முதல் தொட்ட கொம்பியூட்டர். அதுக்குள்ளை இருந்தது இந்தச் சில்லு.”

“இதை அவவுக்குச் சொன்னனீரோ?” என்று கேட்டேன்.

“இல்லை மாமா. கலைப்பொருள் எண்டுதான் சொன்னனான்.”

எனவே, ஹரோவில் காத்திருக்கும் இருவருக்கும் என் தீர்ப்பு இதுதான். கலைப்பொருள் என்ற கணக்கில் 180 பவுண் அதிகம். அதிலுள்ள உண்மையான கலை மூடிக்குள் மறைந்திருக்கிறது, காண்பது உறையை. முதலீடு என்ற கணக்கிலும் அது தேறாது. ஆனால், தகப்பன் தூக்கி இருத்திய கதிரைக்கு விலை கேட்டால், 180 பவுண் கொள்ளை மலிவு. அதற்குக் கலை என்று பெயர் சூட்டியதுதான் பிழை. சொல்ல வெட்கப்படுகின்ற பாசத்துக்கும் சில வேளைகளில் நாம் கலை என்ற பெயரை வைத்துவிடுகிறோம்.

மகளே, அவர் அதை வாங்கிய காரணத்தை அவரிடமே ஒருமுறை கேளுங்கள். தம்பி, நீர் ஒரு காரியம் செய்யவேண்டும். மூடிக்குள் இருக்கும் சிலிக்கனின் பெரிதாக்கிய நிழற்படம் ஒன்றைத் தேடி எடுத்து அருகில் மாட்டும். அப்போதுதான் அந்தச் சில்லு தன் முகத்தைக் காட்டும். சட்டத்தின் பின்புறத்தில் உமது கையால் இரண்டு வரி எழுதும். ஒரு வரி, உமது அப்பாவைப் பற்றி. மற்றது, இந்தச் சில்லு வந்ததும் வேலை இழந்துபோன ஓர் அச்சுக்கோப்பாளரைப் பற்றி. உமது பிள்ளைகள் ஒருநாள் அதைச் சுவரிலிருந்து கழற்றும்போது வாசிக்கட்டும்.

அண்ணை தந்த ஸ்டிக் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதையும் சட்டமிட்டு மாட்டினால் என்ன என்று லண்டனிலிருந்து திரும்பிய கையோடு ஒரு கடைக்காரரிடம் விசாரித்தேன். நல்ல தேக்கு மரத்தில் அழகாகச் செய்து தருவதாகச் சொன்னார். இரண்டு நாள் யோசித்தேன். பின்னர் வேண்டாமென்று விட்டுவிட்டேன். மின்விசிறிக் காற்றில் என் கையெழுத்துப் பிரதிகள் பறக்காமல் அது இத்தனை ஆண்டுகளாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையின் தாள்களும் இப்போது அதன் கீழேதான் இருக்கின்றன.

அன்று இடம் காணாது என்று சொன்னேன். இங்கே இடத்துக்குக் குறைவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.